வலது கால் வைத்த வீடுகள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் பாளையங்கோட்டையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், சண்முகவடிவு வீடு பார்க்கக் கிளம்புகிற வரைக்கும். அவள் கிளம்பியது ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கத்திரிப்பூ நிறத்தில் சுங்குடிச் சேலை, தலையில் பிச்சிப்பூ, கையில் மஞ்சப்பை, முன்னால் மொபெட்டில் வீட்டுப் புரோக்கர் ஞானதுரை, பின்னால் ஆட்டோவில் அவளும் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனும். ஆவுடையப்பன் அரசு பஸ் ஓட்டி அந்த ஆடியோடு ஓய்வு பெற்ற மனுசன். அவரைச் சங்கரன்கோவில் டெப்போவிலிருந்து தென்காசிக்கும், தென்காசியிலிருந்து வள்ளியூருக்கும், வள்ளியூரிலிருந்து திசையன்விளைக்கும், அங்கே அரிசிப் பானை கரி பிடிக்கும் முன்னால் மறுபடி சங்கரன்கோவிலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அவர் போன ஊருக்கெல்லாம் வடிவு பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஆக, கல்யாணமான நாளிலிருந்து அவள் குடியிருந்தது எல்லாமே வாடகை வீடு.

வாடகை வீட்டுக்காரர்கள் பலவிதம், ஆனால் சட்டம் ஒன்றுதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, உத்தரத்தில் கயிறு போடக் கூடாது, முன்வாசல் வழியாக வரக் கூடாது. புதுப்பெண்ணாக அவள் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தபோதே, ஆரத்தித் தட்டோடு நாத்தனார் முன்வாசலில் நிற்க, வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "குடித்தனக்காரங்களுக்கு வழி பின்பக்கம்" என்று சொல்லிவிட்டாள். மாலையும் கழுத்துமாக மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிப் போனதில், எந்தக் காலை முதலில் வைத்தோம் என்பதே வடிவுக்கு நினைவில்லை. மகள் சிவகாமி பிறந்தபோது தொட்டில் கட்ட உத்தரத்தைப் பார்த்தார்கள். "கட்டை இறங்கிரும்" என்றார் அப்போதைய வீட்டுக்காரர். ஆறு கிலோ பிள்ளைக்குத் தேக்கங்கட்டை இறங்குமாம். சிவகாமி ஒருநாள்கூடத் தொட்டிலில் கிடக்காமல், ஆத்தாளின் மடியிலேயே ஆடி ஆடித் தூங்கி வளர்ந்தாள். அது வடிவுக்கு மனசுக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தன் நூல் சேலைகளை எவருக்கும் கொடுக்காமல், பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட என்று ஒரு டிரங்குப் பெட்டியில் மடித்து மடித்துச் சேர்த்து வந்தாள்.

இப்போது சிவகாமி சாத்தூரில் வாழ்க்கைப்பட்டு முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். சம்பந்தியம்மா நல்ல மனுசிதான், குத்திப் பேசத் தெரியாதவள். அவள் போனில் நல்லபடியாகத்தான் கேட்டாள். "வளைகாப்பு முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறோம் மதினி. எந்த வீட்டுக்குன்னு மட்டும் சொல்லிருங்க." குத்திக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் இப்போதைய வாடகை வீட்டுக்காரர் முந்தின நாள்தான் மாடிப்படியில் நின்று, "பிரசவம் அது இதுன்னு தீட்டெல்லாம் நம்ம வீட்ல வேண்டாம், நான் மேல சாமி கும்பிடுதவன்" என்று சொல்லியிருந்தார். ஆக, தை மாதத்துக்குள் சிவகாமிக்கு ஒரு தாய்வீடு வேண்டும். வடிவுக்கு ராத்தூக்கம் போனது அதனால்தான்.

ஞானதுரைக்கு ஒரு தொழில் நம்பிக்கை உண்டு. ஆம்பளை சுவரைத் தட்டிப் பார்ப்பான், பத்திரத்தைக் கேட்பான், குழாயைத் திறந்து மூடுவான், ஆனால் வீடு முடிவது பொம்பளை காலில்தான் என்பது அவர் எண்ணம். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒதுங்கி நின்று, புதுப்பெண்ணை அழைக்கிற மாதிரிக் குனிந்து, "வலது காலை எடுத்து வச்சு வாங்கம்மா" என்பார். மற்ற பொம்பளைகள் அதைக் காதில் வாங்காமல், எந்தக் கால் முன்னால் வருகிறதோ அந்தக் காலை வைத்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள். வடிவு அப்படியா போவாள்? முன்வாசலில் நின்று அவளை அப்படி ஒரு மனுசன் அழைத்ததே அதுதான் முதல்தடவை. செருப்பைக் கழற்றி, கொசுவத்தைச் சரி செய்து, கண்ணை மூடி, வலது காலை எடுத்து, குதிகால் முதல் பெருவிரல் வரைக்கும் தரையில் முழுசாகப் பதிய வைத்தாள். வைத்துவிட்டு உடனே அண்ணாந்து பார்த்தாள்.

"என்னம்மா, ஒழுகுதான்னு பாக்குதியளா?" என்றார் ஞானதுரை.

"இல்ல அண்ணாச்சி. இங்கன தொட்டில் கட்டலாம்லா?"

அது ரெஜினா சிஸ்டரின் வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்க நினைத்தவள். வடிவு அந்த வீட்டில் இருந்தது அரைமணி நேரம்தான். அதற்குள் இது சாமி அலமாரி, இங்கே அரிசிப் பானை, இந்த ஜன்னலுக்குக் கீழே சிவகாமி படுத்துக்கொள்வாள், கொல்லையில் பிள்ளைக்குத் துணி காயப்போடக் கொடி என்று மொத்தக் குடித்தனத்தையும் வைத்து முடித்துவிட்டாள். "என்ன, பிடிச்சிருக்கா?" என்று ஆவுடையப்பன் கேட்டார். பிடிக்காமலா? ஆனால் வாழ்நாளெல்லாம் கிடைத்த வீட்டில் இருந்தவளுக்கு, தேர்ந்தெடுக்கிற சுகம் அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது. "நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துருவோம்ங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ரெஜினா சிஸ்டர் ஞானதுரைக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, நேத்து வீடு பாக்க வந்த அக்கா இன்னும் போகலயே."

"போயிட்டாவளே. நான்தான ஆட்டோ ஏத்தி விட்டேன்."

"ஏத்தி விட்டிய, நானும் பாத்தேன். ஆனா இங்க அடுப்படியில உக்காந்து தேங்காய் திருவிக்கிட்டு இருக்காவளே."

ஞானதுரை போய்ப் பார்த்தார். அதே கத்திரிப்பூச் சுங்குடி, அதே பிச்சிப்பூ, வாடாமல். வடிவு தேங்காய்ப்பால் விட்டுச் சொதி கூட்டி இறக்கி, "வாங்க அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்றாள். அவர் சாப்பிட்டார். இஞ்சித் துவையலும் இருந்தது. அப்புறம் மொபெட்டை எடுத்துக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், அங்கேயும் வடிவு, வேறு சேலையில், முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஒரே இடத்தை ரெண்டு பேருக்குக் காட்டுவது அவர் தொழிலில் சகஜம். ஒரே ஆளை ரெண்டு இடத்தில் பார்த்ததுதான் புதுசு, அதற்காகத் தொழிலை நிறுத்த முடியுமா?

இரண்டாவது வீடு புளி வியாபாரம் பார்த்த குற்றாலிங்கம் பிள்ளையுடையது. அங்கேயும் வலது கால், அங்கேயும் அண்ணாந்த பார்வை, அங்கேயும் இன்னும் ஒண்ணே ஒண்ணு. மூன்றாவது லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் ஒரு வீடு. அப்புறம் வாய்க்கால் பாலத்துப் பக்கம், அப்புறம் பள்ளிக்கூடத்துச் சந்து, அப்புறம் தெற்குப் பஜாருக்குப் பின்னால், அப்புறம் மகாராஜ நகர். போன வீட்டிலெல்லாம் வடிவு வலது காலை வைத்தாள், வைத்த வீட்டிலெல்லாம் அன்றைக்கு உடுத்தின சேலையோடு ஒரு வடிவு தங்கிவிட்டாள். அந்த வடிவுகள் வாசப்படி தாண்ட மாட்டார்கள், சோறு தண்ணி கேட்க மாட்டார்கள், காலையில் வாசப்படிக்குள் நின்றபடியே வாசல் தெளித்து, கை எட்டுகிற தூரத்துக்குக் கோலம் போடுவார்கள், கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்பார்கள்.

ஊர் முதலில் முணுமுணுத்தது, அப்புறம் பழகிக்கொண்டது. ஊருக்கு என்ன, எதற்கும் பழகிவிடும். ரெஜினா சிஸ்டர் வாசலில் அதுவரைக்கும் கோலம் போட்டதில்லை. அக்கா போடட்டும் என்று விட்டுவிட்டாள். சர்ச்சில் பாஸ்டரிடம் கேட்டதற்கு, வந்த விருந்தாளியை அனுப்பக் கூடாது என்றார். பெண்சாதி செத்துப் போய், வெறும் வீட்டைப் பார்க்கப் பயந்து விற்க நினைத்த குற்றாலிங்கம் பிள்ளை, "விற்பனைக்கு" என்று தொங்கிய பலகையைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். "வீட்ல ஆள் புழங்கிக்கிட்டு இருக்கும்போது எப்படிவே விக்க முடியும்?" என்று ஞானதுரையிடம் சண்டைக்கு வந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டம் போட்டார்கள். அந்த அம்மாளை வாடகைக்காரராகக் கொள்வதா விருந்தாளியாகக் கொள்வதா என்று காரசாரமாகப் பேசி, லிஃப்டில் ஏறாததாலும் குளிக்காததாலும் பராமரிப்புச் செலவில் பாதி போதும் என்று முடிவு செய்து, மறுவாரமே ரெண்டு வீட்டுக்காரர்களின் கார் நிறுத்துகிற தகராறை அவளிடமே கொண்டுபோய் நின்றார்கள். புது ஆட்கள் வீடு பார்க்க வந்தால், "இது வடிவம்மாவோட சேத்தா, இல்லாமலா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சேர்த்துத்தான் என்றால் சிலர் கூடுதலாகவே கொடுத்தார்கள். சிலர் வேண்டாம் என்று ஓடினார்கள். ஓடினவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட வேண்டியவள் வடிவுதான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாடகை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "ஐயோ, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து ஓடுவாள். அங்கே அடுப்பு அணைந்து கிடக்கும். பால் பொங்குவது குற்றாலிங்கம் பிள்ளை வீட்டில். காயப்போட்ட துணியை மழைக்கு எடுக்க ஓடுவாள், வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மழை பெய்வது மகாராஜ நகரில் மட்டும். ஒரே நேரத்தில் எத்தனையோ கதவு தட்டுகிற சத்தம் காதில் கேட்கும், எதைத் திறக்க? உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பஜாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "நேத்து எங்க வீட்ல நீங்க வச்ச வத்தக்குழம்பு ரொம்ப ஜோர் வடிவக்கா" என்பார்கள். அவளுக்கு அழுகையாக வரும். ஏனென்றால் அவள் வீட்டுக் குழம்பு இப்போது வாயில் வைக்க விளங்கவில்லை.

அதுதான் விஷயம். தங்கிவிட்ட ஒவ்வொருத்தியும் அவளிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் தங்கினாள். ரெஜினா சிஸ்டர் வீட்டோடு சொதிப் பக்குவம் போயிற்று. அன்றிலிருந்து வடிவு கூட்டினால் தேங்காய்ப்பால் திரிந்தது. குற்றாலிங்கம் பிள்ளை வீட்டோடு தாலாட்டு போயிற்று. பெருக்கும்போதும் துவைக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு, முதல் வரியே மறந்துபோனது. அடுக்குமாடியில் மதியத் தூக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்துச் சந்தில் கோபம் போயிற்று, அந்த மட்டுக்கும் ஆவுடையப்பன் சந்தோஷப்பட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த நூல் சேலைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. வீடு மாறிய பழக்கத்தில் எங்கேயோ விட்டிருப்போம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்படியிருந்தும் அவள் வீடு பார்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பதுதான் சரி. ஒரு வீட்டைப் பார்த்து, சரி இதுதான் என்று சொல்ல வாயெடுத்தால், பார்த்த வீடெல்லாம் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்கும். அங்கே கிணறு, இங்கே கிழக்கு வாசல், அங்கே மாமரம், இங்கே உத்தரம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துருவோம்ங்க."

மார்கழி பிறந்ததும் ஆவுடையப்பனுக்குப் பொறுமை விட்டது.

"ஏ வடிவு, ஒரு வீடு வாங்கணும்னா எத்தனை வீடு பாக்கணும்ளா? ஞானதுரை, நீரே சொல்லும். ஊர் உலகத்துல எத்தனை பாக்காங்க?"

"அது ஆளைப் பொறுத்தது அண்ணாச்சி" என்றார் ஞானதுரை. "நாலு பாத்து முடிச்சவுக உண்டு. பத்து பாத்துட்டு மொத வீட்டுக்கே திரும்பி வந்தவுகளும் உண்டு. ஆனா பாத்த வீட்லயெல்லாம் குடியேறினவுக இவுகதான்."

"நான் என்ன வேணும்னா செய்யுதேன்?" என்றாள் வடிவு. கோபம் போய்விட்டதால் அவளால் அழத்தான் முடிந்தது. சிவகாமி அன்றைக்கும் போனில் கேட்டிருந்தாள். "எம்மா, நான் எந்த வீட்டுக்கும்மா வரணும்? அத்தை கேட்டுக்கிட்டே இருக்காவ." அதற்கு வடிவு "பொறும்மா" என்றுதான் சொன்னாள்.

ஆவுடையப்பன் அவளைக் கேட்காமலேயே ஒரு வீட்டை முடித்தார். மாவு மில்லுக்குப் பின்னால், தேக்கு உத்தரம் போட்ட பழைய வீடு, கிழக்கு வாசல், சின்னதுதான். அவருக்கு ஒரு துணிக்கொடியும் ஒரு ஃபேனும் இருந்தால் எந்த வீடும் வீடுதான். தை பிறந்து நல்ல நாளில் பால் காய்ச்சக் கூடினார்கள். சாத்தூரிலிருந்து சம்பந்தியம்மாவும் வந்திருந்தாள். ஞானதுரை வழக்கம்போல வாசலில் குனிந்து நின்றார். "வலது காலை எடுத்து வச்சு வாங்கம்மா. இனிமே இது உங்க வீடு." வடிவு வலது காலை வைத்தாள். ஒரு சத்தம் இல்லை. மெட்டிகூடத் தரையில் பட்டதாகத் தெரியவில்லை. எத்தனையோ வாசலில் வைத்து வைத்துத் தேய்ந்த கால், இங்கே பதிய அதில் ஒன்றும் பாக்கி இல்லை. வீடு அவளைத் திரும்பியே பார்க்கவில்லை.

பால் பொங்கவில்லை. புது அடுப்பு, புதுப் பானை, அன்றைக்குக் கறந்த பால், நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. பால் குழந்தைக்குப் புகட்டுகிற பதத்தில் வெதுவெதுப்பாக அப்படியே கிடந்தது. குலவை போடக் காத்திருந்த பொம்பளைகளுக்கு வாய் வலித்தது. நல்ல நேரம் முடிந்தது. ராகுகாலம் வந்தது, போனது. சம்பந்தியம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள். "பால் பொங்காத வீட்டுக்கு எப்படி மதினி பிள்ளத்தாச்சியை அனுப்ப? நீங்களே சொல்லுங்க." வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் பால் வைத்தாள். தினமும் அது பொங்கவில்லை. சாத்தூரில் வளைகாப்பு நடந்தது, வடிவு போய் மகளுக்கு வளையல் அடுக்கினாள், ஐந்து வகைச் சோறும் கட்டிக் கொண்டுபோனாள். ஐந்திலும் உப்பு இல்லை. முறைப்படி அன்றைக்கே மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டியவள், வெறுங்கையோடு பஸ் ஏறினாள். "எம்மா, நான் எப்போ வர?" என்று சிவகாமி பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பஸ்ஸில் சாத்தூரிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் வடிவு தலைகுனிந்து அழுதுகொண்டே வந்தாள்.

ஊர் கூடி யோசனை சொன்னது. தங்கினவர்களைப் போய்க் கூட்டி வந்தால்தான் உன் வீடு உன்னைச் சேர்க்கும் என்றார்கள். மாசி மாதம் ஒரு முற்பகலில் அவள் ரெஜினா சிஸ்டர் வீட்டுக்குத்தான் முதலில் போனாள். ஆவுடையப்பன், ரெண்டு பேரும் போனால் வீடு பூட்டிக் கிடக்கும், அது கூடாது என்று மாவு மில் வீட்டிலேயே கொடியைக் கட்டி, ஃபேனைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கூட்டிட்டுப் போங்கக்கா, உங்க ஆளுதான" என்றாள் ரெஜினா சிஸ்டர். ஆனால் அவள் முகம் செத்துப் போயிருந்தது. "இவுக வந்தப்புறம்தான் நான் மகன் வீட்டுக்குப் போற நெனப்பையே விட்டேன். அது ஒண்ணுதான்."

அடுப்படியில் கத்திரிப்பூச் சுங்குடி கட்டிய வடிவு புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வா, உக்காரு" என்றாள்.

"வா, போவோம். நீ இல்லாம பால் பொங்க மாட்டேங்கு" என்றாள் வடிவு.

"எங்க போகச் சொல்லுத? இது என் வீடுல்லா. முன்வாசல் வழியா, வலது கால் வச்சு வந்தேன். இனிமே எந்த டெப்போவுக்கு மாத்தினாலும் நான் சாக்கு கட்ட மாட்டேன்."

வடிவுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. தன்மேலேயே பொறாமைப்படுகிற கொடுமை யாருக்கும் வர வேண்டாம். பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தாள். கூடத்து உத்தரத்தில் ஒரு தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பச்சை நூல் சேலை, பெட்டியிலிருந்து முதலில் காணாமல் போன சேலை.

"யாருக்குக் கட்டியிருக்க?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? சிவகாமி வருவாள்லா. பிள்ளையை எங்க போட?" என்றாள் அடுப்படிக்காரி. "வந்த அன்னைக்கே கட்டிட்டேன். இன்னும் வரக் காணோமேன்னுதான் தெனமும் வாசலைப் பாக்கேன்."

அப்போதுதான் வடிவுக்கு விளங்கியது. எல்லா வீட்டிலும் தொட்டில் கட்டியிருக்கும். எல்லா வடிவும் இதே மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவர்கள் வீட்டுக்காகத் தங்கவில்லை. சிவகாமிக்காகத்தான் தங்கியிருந்தார்கள்.

சரியாக அந்த நேரம் மஞ்சப்பைக்குள் போன் அடித்தது. ஆவுடையப்பன்.

"வடிவு, சிவகாமி வந்துட்டா. தனியா பஸ் ஏறி வந்துட்டா. ஆட்டோக்காரன் எந்த வடிவம்மா வீட்டுக்குன்னு கேட்டானாம், அப்பா எந்த வீட்ல இருக்காரோ அங்க விடுங்கன்னு சொல்லியிருக்கா. இங்க வந்து எறங்கும்போதே வலி கண்டிருச்சு. நாள் இருக்குல்லா இன்னும்? எனக்கு ஒண்ணும் ஓடல, நீ வா."

வடிவு போனைப் பிடித்தபடி, "பிள்ளைக்கு வலி கண்டிருச்சாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுப்படிக்காரி கரைத்த புளியை அப்படியே வைத்தாள், அடுப்பை அணைத்தாள், கூடத்துக்கு வந்து எம்பித் தொட்டில் முடிச்சை அவிழ்த்துச் சேலையைத் தோளில் போட்டாள், "சிஸ்டர், ரசத்தைத் தாளிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆவணியிலிருந்து தாண்டாத வாசப்படியை ஒரே எட்டில் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். வடிவுதான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

ஆட்டோ பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மாங்காய் விற்கிறவன் பார்க்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க, ரெண்டு வடிவும் வேகு வேகென்று போனார்கள். குற்றாலிங்கம் பிள்ளை வீட்டு வாசலில், "பிள்ளைக்கு வலி கண்டிருச்சு" என்றதும் அங்கிருந்த வடிவு தாலாட்டை வாயில் வைத்துக்கொண்டே இறங்கினாள். குற்றாலிங்கம் பிள்ளை ஈசிச்சேரிலிருந்து எழுந்து, "போயிட்டு வா தாயி" என்று கைகூப்பினார். அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறாதவள், அன்றைக்கு லிஃப்டில் இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்துச் சந்துக்காரி, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபத்தோடு வந்தாள். வாய்க்கால் பாலத்துக்காரி, பஜாருக்குப் பின்னால் இருந்தவள், மகாராஜ நகரிலிருந்து அங்கத்து மழையில் நனைந்தபடி ஒருத்தி, ஒவ்வொருத்தியும் தோளில் ஒரு நூல் சேலையோடு சேர்ந்துகொண்டே வந்தார்கள். சேரச் சேரக் கூட்டம் பெருக வேண்டுமே, பெருகவில்லை. ஒருத்தி பக்கத்தில் வந்தால் வடிவுக்கு ஒரு கால் கனத்தது. இன்னொருத்தி வந்தால் மெட்டி சத்தம் கேட்டது. மாவு மில் திருப்பத்துக்கு வரும்போது தெருவில் ஒரே ஒரு வடிவுதான் ஓடி வந்தாள், தோளில் மூட்டையாகச் சேலைகளைப் போட்டுக்கொண்டு, தரை அதிர.

வாசலில் ஞானதுரை நின்றிருந்தார், தகவல் கேட்டு வந்தவர். பழக்கத்தில் குனிந்து, "வலது காலை..." என்று ஆரம்பித்தார். "தள்ளும் அண்ணாச்சி" என்று அவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அவள் உள்ளே போனாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று பிற்பாடு சம்பந்தியம்மா எத்தனையோ பேரிடம் விசாரித்தாள். யாரும் பார்க்கவில்லை. அவளுக்கே தெரியாது.

சிவகாமி கூடத்தில் பாயில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தாள். வளைகாப்பில் அடுக்கிய வளையல்களெல்லாம் கையில் அப்படியே இருந்தன. வடிவு மடியில் தலையைத் தூக்கி வைத்து, இடுப்பை நீவி விட்டாள். வாய் தானாகத் தாலாட்டின் முதல் வரியைப் பிடித்தது.

"எந்த வீட்டுக்கு வரணும்னு கேட்டேன், நீ சொல்லவே இல்ல" என்றாள் சிவகாமி அழுகையோடு.

"வந்துட்டேல்லா. இதுதான் வீடு. நான் இருக்கேன்."

அது பொய்வலி. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ரெஜினா சிஸ்டர் ரசத்தைத் தாளித்து வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இன்னும் நாள் இருக்கிறது, பயமில்லை என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சி, "என்னமோ தீயுதே" என்றாள். எல்லோரும் அடுப்படியைப் பார்த்தார்கள். காலையில் வடிவு வழக்கம்போல வைத்துவிட்டுப் போன பால், பானை விளிம்பெல்லாம் வழிந்து, அடுப்பை அணைத்து, தரையில் ஓடி, கூடத்து நிலைப்படி வரைக்கும் வந்து நின்றது. குலவை போட அங்கே பொம்பளைகள் யாரும் தயாராக இல்லை. ஞானதுரைதான் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தட்டினார்.

வடிவு மூட்டையைப் பிரித்து, பச்சை நூல் சேலையை எடுத்து, இரண்டாக மடித்து, அண்ணாந்து பார்த்தாள். தேக்கு உத்தரம் வழவழவென்று இருந்தது. கொக்கி இல்லை. ஆவுடையப்பன் மில்லில் போய் ஒரு கொக்கி ஆணியும் சுத்தியலும் வாங்கி வந்து, ஸ்டூலில் ஏறி நின்றார். வாழ்நாளில் ஒரு வீட்டிலும் அடித்துப் பழக்கமில்லாத மனுசன். ஆணியை உத்தரத்தில் வைத்து, எறும்பைத் தட்டுகிற மாதிரிப் பயந்து பயந்து ஒரு தட்டு தட்டினார். தட்டிவிட்டு, யாரும் மாடியிலிருந்து சத்தம் போடுகிறார்களா என்று ஒரு நிமிசம் காது கொடுத்துக் கேட்டார்.

"ஓங்கி அடிங்க" என்றாள் வடிவு கீழேயிருந்து. "நம்ம உத்தரம்தான."